பிரிக்காத உறைகள்

கேள்வி:

நான் குழந்தைகள் நல மருத்துவர். டி.சி.எச். என்ற குழந்தை மருத்துவப் பட்டயம் முடித்து 17 ஆண்டுகள் ஆகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ஒரு சிறு நகரத்தில் கிளினிக் நடத்துகிறேன். காலையும் மாலையுமாக நாளைக்கு 60, 70 குழந்தைகள் வருவார்கள். சென்ற மாதம் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று எட்டு நாள் காய்ச்சலோடு வந்தாள். தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருப்புப் புண். உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்துவிட்டது. எட்டு வயதுக்குக் கீழே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் பல் கறையாகும் என்று படித்தவள் நான், அதனால் அசித்ரோமைசின் எழுதினேன். குழந்தை தேறிவிட்டாள். ஆனால் என்னோடு வாரத்தில் மூன்று நாள் ஓ.பி. பார்க்கும் இளம் மருத்துவர், “மேடம், இப்போ எந்த வயசுக்கும் டாக்சி கொடுக்கலாமே” என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சங்கத்தின் மருத்துவ இதழ் எனக்கு வருடக்கணக்காக வந்தது. அலமாரியில் பாதி உறை பிரிக்காமலே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சி.எம்.இ. எனும் தொடர் மருத்துவக் கல்விக் கூட்டங்களுக்குப் போய் மெடிக்கல் கவுன்சில் கேட்கும் மணிக்கணக்கை முடித்துவிடுகிறேன். இதழ் படிப்பதால் என்னைப் போன்ற ஒருவருக்கு உண்மையிலேயே பயன் உண்டா? உண்டு என்றால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள டாக்டர்,

முதலில் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அதுதானே. நீங்கள் எழுதிய அசித்ரோமைசின் தவறான மருந்து இல்லை. உண்ணிக் காய்ச்சலுக்கு அது ஏற்கப்பட்ட மாற்று மருந்து. அதைவிட, உடையை விலக்கித் தொடை இடுக்கைப் பார்த்தீர்களே, அது பெரிய விஷயம். எட்டு நாள் காய்ச்சலோடு வரும் குழந்தையின் அக்குளையும் இடுப்பையும் பார்க்காமலே டைபாய்டு என்று எழுதி அனுப்புவது நம்மிடையே நடக்கத்தான் செய்கிறது. எனவே அந்தக் குழந்தைக்குத் தீங்கு செய்துவிட்டோமோ என்று மனதைப் போட்டு உழப்ப வேண்டாம். உங்கள் இளம் மருத்துவர் சொன்னதும் சரி. வயது எதுவானாலும் இன்று முதல் தேர்வு டாக்சிசைக்ளின்தான்.

கல்லூரியில் நீங்கள் படித்ததும் பொய் இல்லை. டாக்சிசைக்ளினின் குடும்பத்து மூத்த மருந்தான டெட்ராசைக்ளின் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். வளரும் பல்லில் படிந்து, மஞ்சளும் பழுப்புமாக என்றும் போகாத கறையை உண்டாக்கும். 1970-இல் அமெரிக்காவில் அந்தக் குடும்பத்து மருந்துகள் அனைத்துக்கும் சேர்த்து எட்டு வயது எச்சரிக்கை வந்தது. டாக்சிசைக்ளின் 1967-இல்தான் புழக்கத்துக்கு வந்த புது மருந்து. கால்சியத்தோடு அது அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஆனாலும் அண்ணன் செய்த தப்புக்குத் தம்பிக்கும் சேர்த்துத் தண்டனை கிடைத்தது. அந்தத் தண்டனை பாடப்புத்தகங்களில் 40 ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றது.

பிறகு சிலர் போய்ப் பல்லைப் பார்த்தார்கள். அமெரிக்கப் பழங்குடியினர் வாழும் பகுதி ஒன்றில், உண்ணிக் காய்ச்சலின் வகையறாவான ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சலுக்காக எட்டு வயதுக்கு முன்பே டாக்சிசைக்ளின் சாப்பிட்ட 58 குழந்தைகளையும், சாப்பிடாத 213 குழந்தைகளையும் பல் மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். யார் மருந்து சாப்பிட்டவர் என்பது பரிசோதித்தவர்களுக்குத் தெரியாது. மருந்து சாப்பிட்ட 58 பேரில் ஒருவருக்குக்கூட டெட்ராசைக்ளின் கறை இல்லை. அந்த ஆய்வு 2015-இல் அச்சில் வந்தது. 2017-இல் நம் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமான ஐ.ஏ.பி., உண்ணிக் காய்ச்சல் உள்ளிட்ட ரிக்கெட்சியா நோய்களுக்கான வழிகாட்டியைத் தன் ‘இண்டியன் பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியிட்டு, டாக்சிசைக்ளினை முதல் மருந்தாக வைத்தது. 2018-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் தொற்றுநோய்க் கையேடான ‘ரெட் புக்’, 21 நாளுக்கு மேற்படாத டாக்சிசைக்ளினை வயது பார்க்காமல் கொடுக்கலாம் என்று சொன்னது.

ஆக, உங்கள் தூக்கத்தைப் பறித்த கேள்விக்கான விடை, பெரும்பாலும் உங்கள் அலமாரியிலேயே, பிரிக்காத ஓர் உறைக்குள் இருக்கிறது. இதைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. இதழால் பயன் உண்டா என்று கேட்டீர்கள், இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

உங்களுக்கு மட்டும் நேர்ந்த ஒன்றாகவும் இதை எண்ண வேண்டாம். அனுபவம் கூடக் கூட மருத்துவம் மெருகேறும் என்றுதான் நாம் எல்லோரும் நம்புகிறோம், நோயாளிகளும் நம்புகிறார்கள். 2005-இல் ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. மருத்துவரின் அனுபவ ஆண்டுகளையும் அவர் தரும் சிகிச்சையின் தரத்தையும் ஒப்பிட்ட 62 மதிப்பீடுகளை எடுத்துப் பார்த்தார்கள். 32-இல், ஆண்டுகள் கூடக் கூட அளந்த எல்லா அம்சங்களிலும் தரம் குறைந்திருந்தது. படித்தபோது எனக்கு வலித்தது. ஆனால் காரணம் புரியாத ஒன்று இல்லை. கை தேறுகிறது, கண் தேறுகிறது, அழும் குழந்தையின் அழுகையிலேயே பாதி நோய் தெரிகிறது. இதெல்லாம் அனுபவம் தருவது. எட்டு வயதுக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது என்பதை மட்டும் எத்தனை ஆயிரம் குழந்தைகளைப் பார்த்தாலும் அனுபவம் சொல்லித் தராது. நீங்கள் கொடுக்காத மருந்தின் பலனை உங்கள் ஓ.பி. எப்படிக் காட்டும்? அது வெளியிலிருந்துதான் வர வேண்டும். மாதாமாதம் அதைக் கொண்டுவந்து சேர்ப்பதற்காக ஏற்படுத்தியதுதான் இதழ்.

நம் சங்கத்துக்கு இது ஆரம்பத்திலிருந்தே முக்கியமான வேலை. 1963-இல் இரண்டு அமைப்புகள் சேர்ந்து ஐ.ஏ.பி. உருவானது. அவை தனித்தனியாக நடத்திவந்த இதழ்களும் ஒன்றாகி 1964-இல் ‘இண்டியன் பீடியாட்ரிக்ஸ்’ தொடங்கியது. இன்று சங்கத்தின் தடுப்பூசி அட்டவணையில் எது மாறினாலும், நெஃப்ராடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரக நோயுள்ள குழந்தைக்கு ஸ்டீராய்டு எத்தனை வாரம் என்பது மாறினாலும், அது முறைப்படி வெளியாகும் இடம் அந்தப் பக்கங்கள்தான். இணையத்திலும் பழைய இதழ்களின் கட்டுரைகளைக் காசில்லாமல் படிக்கலாம்.

சரி, இப்போது உங்களுடைய இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதைச் சொல்ல என்னுடைய ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும்.

2007-இல் அதே இதழில் வயிற்றுப்போக்குக்கான வழிகாட்டி வந்தது. 245 மில்லிஆஸ்மோல் செறிவுள்ள புதிய ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், கூடவே ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு ஜிங்க் 20 மில்லிகிராம் வீதம் 14 நாள் கொடுங்கள் என்றது. நான் அதைப் படித்தேன். நன்றாக நினைவிருக்கிறது, சிவப்பு மையில் அடிக்கோடுகூட போட்டேன். ஓ.ஆர்.எஸ். மருந்தகத்திலேயே மாறி வந்துவிட்டதால் அது தானாக மாறியது. ஜிங்க் மட்டும் என் கையால் எழுத வேண்டியது. எழுதவில்லை. வார்டில் 40 குழந்தைகள், வழக்கமான சீட்டு, வழக்கமான வரிசை, கை தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகும். இரண்டு ஆண்டு கழித்து ஒரு ஹவுஸ் சர்ஜன் தயங்கித் தயங்கி, “சார், ஜிங்க் போடலையா?” என்று கேட்டார். அந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை குழந்தைகள் என் கை வழியாகப் போயிருப்பார்கள் என்று அன்று மாலை உட்கார்ந்து நினைத்தேன்.

நீங்கள் உறையைப் பிரிக்கவில்லை. நான் பிரித்து, படித்து, கோடு போட்டேன். என்னிடம் வந்த குழந்தைக்கு அதனால் என்ன கிடைத்தது? ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் ‘தினமும் ஒரு மணி நேரம் படியுங்கள்’ என்று உங்களுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. கண்ணால் ஓட்டிப் படிப்பது சீட்டு வரை வந்து சேர்வதில்லை. இதழை வைத்து நம்மை நாமே கேள்வி கேட்டுக்கொண்டால்தான் வந்து சேர்கிறது.

இதைப் புரிந்துகொண்டு இதழையே அப்படி அமைத்தவர்கள் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியினர். அவர்களிடம் 1948-லிருந்து ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற ஆராய்ச்சி இதழ் இருந்தது. அது போதாது என்று 1979-இல் ‘பீடியாட்ரிக்ஸ் இன் ரிவ்யூ’ என்ற தனி இதழைத் தொடங்கினார்கள். ராபர்ட் ஹேகர்டி அதன் முதல் ஆசிரியர். புதிய ஆராய்ச்சியை வெளியிடுவது அதன் வேலை இல்லை. ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்குத் திரும்பப் பாடம் சொல்வதுதான் வேலை.

அதன் கட்டுரைகள் தொடங்கும் விதமே எனக்குப் பிடிக்கும். முதலில் ‘நடைமுறை இடைவெளி’ என்று இரண்டு வரி இருக்கும். தெரிந்திருக்க வேண்டியதற்கும் மருத்துவர்கள் நடப்பில் செய்வதற்கும் இடையே எங்கே விரிசல் இருக்கிறது என்று அதில் சொல்லிவிடுவார்கள். இந்தக் கட்டுரையை முடித்ததும் உங்களால் என்ன செய்ய முடிய வேண்டும் என்று அடுத்து வரும். கட்டுரை முடிந்ததும் கேள்விகள். ஒரு குழந்தை, ஒரு நிலைமை, ஐந்து விடைகள், எது சரி? 60 சதவீதமாவது சரியாக விடை சொன்னால்தான் அந்தக் கட்டுரைக்குக் கல்விப் புள்ளி. பக்கத்தைப் புரட்டியதற்குப் புள்ளி கிடையாது. ‘இன்டெக்ஸ் ஆஃப் சஸ்பிஷன்’ என்று இன்னொரு பகுதி. குழந்தை எப்படி வந்தது, என்ன கண்டார்கள் என்பதோடு நிறுத்திவிடுவார்கள். நோய் என்ன என்பது தள்ளி வேறு பக்கத்தில் இருக்கும். நடுவில் நாம் யோசித்தாக வேண்டும். நான் இளைஞனாக இருந்தபோது நண்பர்கள் நாலு பேர் டீக்கடையில் இதை உரக்கப் படித்துப் பந்தயம் கட்டியிருக்கிறோம். அப்படிப் படித்த நோய்கள் இன்றைக்கும் மறக்கவில்லை.

கேள்விக்கு விடை சொல்லிப் பார்ப்பது ஏன் இப்படி நிற்கிறது என்பதைக் குழந்தை மருத்துவம், அவசர மருத்துவம் பயிலும் முதுநிலை மாணவர்களை வைத்தே அமெரிக்காவில் சோதித்திருக்கிறார்கள். 2009-இல் வெளியான ஆய்வு அது. நிற்காத வலிப்பு ஒன்று, தசைகள் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ் ஒன்று, இந்த இரண்டையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கற்பித்தார்கள். பிறகு ஒன்றை இடைவெளி விட்டுவிட்டு மீண்டும் மீண்டும் படிக்கச் சொன்னார்கள். மற்றதைப் படிக்க விடாமல், அதே இடைவெளிகளில் தேர்வு வைத்துச் சரியான விடையைச் சொன்னார்கள். ஆறு மாதம் தாண்டிப் பார்த்தபோது, திரும்பத் திரும்பப் படித்ததில் 26 சதவீதம் நினைவிருந்தது, தேர்வு எழுதியதில் 39 சதவீதம். செலவான நேரம் ஏறத்தாழ ஒன்றுதான். நினைவிலிருந்து தேடி எடுக்கிற சிரமமே பாடத்தை அழுத்தி உட்கார வைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள் ஏன் நம்மிடம் ஒட்டுவதில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. குளிர்ந்த அரங்கு, இருட்டு, ஸ்லைடு மேல் ஸ்லைடு, அப்புறம் சாப்பாடு. 1999-இல் ‘ஜாமா’ என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, வெறும் சொற்பொழிவுகள் மருத்துவர்களின் நடைமுறையை மாற்றுவது அரிது என்றது. பங்கேற்பாளர்களைச் செய்து பார்க்க வைக்கும் அமர்வுகளில்தான் மாற்றம் தெரிந்தது. கூட்டங்களுக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. நண்பர்களைப் பார்க்கிறோம், கஷ்டமான கேஸைப் பற்றி நாலு பேரிடம் கேட்கிறோம், அதுவும் தேவை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் என்கின்றன. அந்தக் கணக்கை அங்கீகாரம் பெற்ற கூட்டங்களில் இப்போது போலவே சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க இதழின் புள்ளிகள் அந்த நாட்டு முறைக்கானவை, அவற்றை நம்பி இந்தக் கணக்கைக் கோட்டை விட்டுவிட வேண்டாம். ஆனால் கணக்கு முடிந்தது என்பதும் கற்றாகிவிட்டது என்பதும் ஒன்றில்லை, அதை நீங்களே உணர்ந்துதான் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

இனி, 70 குழந்தைகளைப் பார்த்து இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்புகிறவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு வருகிறேன்.

இதழை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் ஓ.பி.யிலிருந்து தொடங்குங்கள். மேசையில் ஒரு சின்ன நோட்டு போதும். அன்றைக்கு எங்கே கை ஒரு கணம் தயங்கியதோ அதை ஒரு வரியாக எழுதுங்கள். ‘ஐந்து வயது, உண்ணிக் காய்ச்சல், டாக்சி கொடுக்கலாமா?’ என்பது போல. வாரத்துக்கு ஐந்தாறு சேரும். அதில் ஒன்றே ஒன்றை எடுங்கள். எடுத்ததும் இதழைத் திறக்காமல் முதலில் உங்கள் விடையை எழுதுங்கள். என்ன மருந்து, என்ன அளவு, எத்தனை நாள், எப்போது பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவேன் என்று நாலு வரி. அதற்குப் பிறகுதான் வழிகாட்டியைத் திறக்க வேண்டும். வழிகாட்டிக் கட்டுரைகளில் பரிந்துரைகளைப் பெரும்பாலும் சுருக்கமாக ஓரிடத்தில் தொகுத்திருப்பார்கள். அங்கே போய் உங்கள் விடையோடு ஒப்பிடுங்கள். எங்கே வேறுபடுகிறதோ அந்தப் பத்தியை மட்டும் முழுசாக, காரணத்தோடு படியுங்கள். 20 நிமிடத்துக்கு மேல் ஆகாது. தவறான விடை எழுதியிருந்தால் வருந்தாதீர்கள், அதுதான் நன்றாக நினைவில் நிற்கும்.

அடுத்த படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், ஜிங்க் விஷயத்தில் நான் விட்டது அதைத்தான். என்ன மாறப்போகிறது என்று ஒரு வரி எழுதி, சீட்டு எழுதும் இடத்தில் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டுங்கள். மருந்துக்கடைக்காரரிடம் சொல்லி அந்த மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். சிறு நகரத்தில் பாதிப் பரிந்துரைகள் அங்கேதான் நின்றுபோகின்றன. ஒரு மாதம் கழித்து அந்த நோய்க்கு எழுதிய பத்துச் சீட்டுகளை எடுத்து எண்ணுங்கள், பத்தில் எத்தனையில் மாறியிருக்கிறது என்று. நான் ஜிங்குக்கு இப்படி எண்ணத் தொடங்கிய முதல் மாதம் பத்தில் நாலுதான் தேறியது. ஒட்டுச்சீட்டு மேசையிலேயே இருந்தும்.

உங்களோடு உட்காரும் இளம் மருத்துவர் உங்களுக்குக் கிடைத்த கொடை. வாரத்தில் ஒரு நாள் கடைசி நோயாளி போன பிறகு அரை மணி நேரம் இருவரும் உட்காருங்கள். ‘இண்டியன் பீடியாட்ரிக்ஸ்’ இதழின் ‘ஜர்னல் கிளப்’ பகுதியை எடுங்கள். ஓர் ஆய்வை எடுத்துக்கொண்டு, அது கேட்ட கேள்வி சரியா, சேர்த்த குழந்தைகள் யார், எண்ணிக்கை போதுமா, முடிவை நம்பலாமா என்று அங்கே அலசியிருப்பார்கள். ஒருவர் ஆய்வைச் சொல்லட்டும், மற்றவர் குறுக்குக் கேள்வி கேட்கட்டும். ஓட்டையைப் பிடிக்கும் கண் இப்படித்தான் வரும்.

அந்தக் கண் ஏன் தேவை என்பதற்கு வேர்க்கடலைக் கதை ஒன்று போதும். 2000-இல் அமெரிக்க அகாடமி, ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை கொடுக்காதீர்கள் என்றது. 2008-இல் அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று பின்வாங்கியது. 2015-இல் லண்டனில் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. எக்சிமா என்ற தோல் அரிப்பு நோய் கடுமையாகவோ, முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பாதிக்குச் சிறுவயதிலேயே வேர்க்கடலை கொடுத்தார்கள், மறு பாதிக்குக் கொடுக்கவில்லை. ஐந்து வயதில் பார்த்தால், சாப்பிட்டவர்களிடம் வேர்க்கடலை ஒவ்வாமை 80 சதவீதம் அளவுக்குக் குறைவு. அறிவுரை தலைகீழாகிவிட்டது. இதைப் படிக்கும் நம் ஊர் மருத்துவர் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். முதல் அறிவுரையை எந்த ஆதாரத்தில் சொன்னார்கள்? லண்டன் குழந்தைகளிடம் கண்டது, கடலை மிட்டாய் தின்று வளரும் என் ஓ.பி. குழந்தைக்கு எவ்வளவு பொருந்தும்? பெரிய இடத்திலிருந்து வந்தது என்பதற்காக எதையும் அப்படியே சீட்டில் ஏற்றக் கூடாது. மருந்துக் கம்பெனி ரெப் கொண்டுவந்து கொடுக்கும் பளபளப்பான மறுபதிப்புக்கு இது இன்னும் பொருந்தும். அவர் ஒரு கட்டுரையைத்தான் தருவார், அதற்கு எதிராக வந்த கட்டுரையைத் தரமாட்டார்.

நம் குழந்தைகளிடமிருந்தே வந்த கணக்கு கிடைத்தால் அதை விடாதீர்கள். 5 முதல் 18 வயது வரைக்கான ஐ.ஏ.பி. வளர்ச்சி வரைபடங்கள் 2015-இல் இதே இதழில் வந்தன. இந்தியாவின் 14 நகரங்களிலிருந்து திரட்டிய அளவுகளை வைத்துப் போட்டவை. அவற்றில் சென்னையும் மதுரையும் உண்டு. உடல் பருமனுக்கு நம் குழந்தைகளுக்கேற்ற தனிக் கோடுகளும் அதில் உண்டு. “பையன் ஒல்லியா இருக்கான் டாக்டர், டானிக் எழுதுங்க” என்று வரும் தாயிடம் அந்தக் கோட்டைக் காட்டிப் பேசிப் பாருங்கள். உங்கள் சுவரில் பழைய வரைபடம் தொங்கினால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. இதழ் உங்களுக்குச் சொல்வது போல, நீங்களும் இதழுக்குச் சொல்லலாம். மலை அடிவாரத்தில் 17 ஆண்டுகளாக உண்ணிக் காய்ச்சலைப் பார்க்கிறவர் நீங்கள். எந்த மாதத்தில் கூடுகிறது, கருப்புப் புண் எந்தெந்த இடங்களில் ஒளிந்திருக்கிறது, எந்தப் புண்ணை வேறு ஏதோ என்று நினைத்து விட்டுவிடுகிறோம் என்பதெல்லாம் பெருநகர மருத்துவமனையில் இருப்பவரைவிட உங்களுக்குத்தான் தெரியும். வாசகர் கடிதப் பகுதிக்கு ஒரு பக்கம் எழுத முடியும். பல ஆண்டுகள் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சிறு ஊர்களிலிருந்து நேர்மையாகக் குறித்து வைத்த கணக்கோடு வரும் கடிதங்களை நாங்கள் மகிழ்ச்சியோடு படிப்போம். திருப்பி அனுப்பினாலும், ஏன் என்று மதிப்பாய்வாளர்கள் எழுதும் குறிப்பே ஒரு பாடம். ஆனால் காசு கட்டினால் ஒரே வாரத்தில் போடுகிறோம் என்று மின்னஞ்சலில் புகழ்ந்து அழைக்கும் இதழ்கள் பக்கம் போகாதீர்கள். எழுதும்போது குழந்தையின் அடையாளத்தை மறைப்பதையும் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குவதையும் மறக்காதீர்கள்.

அலமாரியில் கிடக்கும் உறைகள் எல்லாவற்றையும் பிரித்துப் படித்துத் தீர்க்க வேண்டும் என்று சபதம் எடுக்காதீர்கள். மூன்றாம் நாளே அலுத்துவிடும், அப்புறம் குற்ற உணர்வுதான் மிஞ்சும். 2017-இன் உறைகளை மட்டும் வெளியே எடுங்கள். ரிக்கெட்சியா வழிகாட்டி இருக்கும் இதழைக் கண்டுபிடியுங்கள். திறப்பதற்கு முன் ஒரு தாளில், அந்த ஐந்து வயதுக் குழந்தைக்கு டாக்சிசைக்ளின் என்ன அளவு, எத்தனை நாள், மருந்து கொடுத்து எவ்வளவு நேரத்தில் காய்ச்சல் இறங்க வேண்டும், இறங்காவிட்டால் வேறென்ன யோசிப்பீர்கள் என்று எழுதுங்கள். பிறகு பிரியுங்கள்.

நாளை அந்த இளம் மருத்துவர் வந்ததும், நீங்கள் சொன்னது சரிதான் என்று அவரிடம் சொல்லுங்கள். அதை எங்கே படித்தார் என்றும் கேளுங்கள்.